விருந்துக்கு வைக்காத சோறு

வேளாங்கண்ணிக்கு இருமுறை போய்வந்ததைத் தவிர, லில்லி வெளியூர் கண்டவர் அல்லர். ஆயினும், அஸ்ஸாமில் எந்த மாதம் வெள்ளம் வரும், ஜார்க்கண்டில் மண் என்ன நிறம் என்பதையெல்லாம் தடையின்றிச் சொல்வார். உறுவையாறு கிராமத்தில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர், வில்லியனூர்ச் சாலையில் மெஸ் தொடங்கிய பின், வடமாநிலத் தொழிலாளர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டறிந்தவை அவை. "உங்க ஊர்ல ஆறு இருக்கா? இன்னா பயிர் வைப்பீங்க?" என்று கேட்காமல் புதியவர் எவருக்கும் அவர் இலை போட்டதில்லை.

சென்ற சித்திரையில், ஒடிசாக்காரர்கள் காலை உணவைப் பாதியில் விட்டு எழத் தொடங்கினர். வடக்கத்தியருக்குக் கோதுமைதான் பிடிக்கும் என்று நம்பிய லில்லி, சப்பாத்தியை விட்டுப் பூரிக்கு மாறினார். பூரியும் மீந்தது. மாதம் முடிந்ததும் அவர்கள் வேறு மெஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று சேதி வந்தது. சாப்பிட வருவோரில் பாதிப்பேர் அவர்கள்தாம். போய்விட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

"அதுக்கு இன்னா பண்றது அண்ணி? ஊட்டியா வுட முடியும்?" என்றாள் கூடச் சமைக்கும் நாத்தனார் ருக்குமணி.

"ஊட்ட வேணாம்டி. இன்னா வேணும்னு தெரிஞ்சா போதும்."

மறுநாள் பந்தி ஓய்ந்தபின், லில்லி பின்கட்டில் அமர்ந்து பழைய சோற்றைக் கரைத்து வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார். கை கழுவ வந்த ஒடிசாக்காரர் சுதர்சன் அங்கேயே நின்றுவிட்டார். வந்தவர் கண்ணில் பழையது படுவது மரியாதையன்று என்று வளர்ந்த லில்லி, சட்டென்று முந்தானையால் சட்டியை மூடினார்.

"அக்கா, இது எங்களுக்கு ஏன் இல்ல?"

"பழசுப்பா இது. இதப் போயி உங்களுக்கு வைப்பாங்களா?"

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு பகாளா. வெயில் காலத்துல இதான் சாப்பாடு. நீங்க பூரி போட்டே கொல்றீங்க."

மகாநதி கடலில் கலக்கும் பக்கத்தில் அவருக்கு வயல், பயிர் நெல். வந்த அன்றே அதைச் சொல்லியிருந்தார்.

ருக்குமணி விடுவாளா? "ஆறு கேட்ட, பயிரு கேட்ட. நெல்லுன்னு சொன்ன ஆளுக்குச் சப்பாத்தி சுட்டியே அண்ணி."

லில்லி சிரித்துவிட்டார். அன்று மாலையே பெரிய குண்டானில் சோறு வடித்து நீரூற்றி வைத்தார். காலையில் வறுத்த கருவாட்டோடு அதை ஒடிசாக்காரர்கள் மறுமுறையும் கேட்டு வாங்கினர். வேறு மெஸ் பேச்சு அதன்பின் எழவில்லை. லில்லிக்கு எஞ்சியது நீராகாரம் மட்டுமே. அதைக் குடித்து முடிப்பதற்குள் வங்காளத்திலிருந்து புதிதாக ஒருவர் வந்து நின்றார்.

"உங்க ஊர்ல ஆறு இருக்கா? இன்னா பயிர்?" என்ற லில்லி, இம்முறை ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "பழசு சாப்பிடுவீங்களா?"