பூங்கொத்துகளுக்கு அடியில் ஒரு வயல்

எங்கள் துறையில் வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. உதவி செய்யக் கிட்டத்தட்ட நாற்பது பேர். உதவி பெற ஒரே ஒருத்தி. தான்சானியாவிலிருந்து நெல் பற்றி ஆராய்ச்சி செய்யத் தஞ்சாவூருக்கு வந்தவள். நானும் அதே துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் எனக்கு அடுத்த அறை அவளுடையது. அந்த நாற்பது பேரில் பாதிப் பேருக்கு அவள் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் அவளுக்காக ராப்பகலாக உழைப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுடைய சோதனை வயல்கள் கீழ்வேளூர்ப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருந்தன. கடல் உப்பு மெல்ல மெல்ல ஏறிவரும் மண் அது. வயல்காரருக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. அவரையும் குரூப்பில் சேர்த்துவிட்டால், அவர் சொல்வதை யாராவது ஒருவர் உடனே ஆங்கிலத்தில் போட்டுவிடலாம். முதல் மாதம் அப்படித்தான் நடந்தது. நடவு என்றைக்கு, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, பூச்சி விழுந்திருக்கிறதா, எல்லாம் அவளுக்கு உடனுக்குடன் தெரிந்தது. பிறகு துறைத்தலைவர் குரூப்புக்குள் வந்தார்.

அவர்தான் அவளுக்கு வழிகாட்டியும். கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வரப்போகிறது, வெளிநாட்டு மாணவர்களுக்குச் சமூக ஊடகம் மூலம் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அவ்வளவுதான், எங்களை எல்லாம் அறைக்குக் கூப்பிட்டார்.

"இனிமே யாரும் தனியா போன்ல பேசிக்காதீங்க. எதா இருந்தாலும் குரூப்லயே போடுங்க. அப்பதான் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியும்" என்றார். வயல்காரருக்கும் அப்படியே சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து குரூப்பில் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூவோடு வணக்கம் வரும். ஏழு மணிக்கு வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒரு படம். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அன்று வேறு எதுவும் நடக்காது. அவள் பாவம், ஒவ்வொன்றையும் தன் ஆராய்ச்சி சம்பந்தப்பட்டது என்று நினைத்து என்னிடம் தூக்கிக்கொண்டு வருவாள். இது பௌர்ணமிக்கு வாழ்த்து, இது மூட்டுவலிக்கு மருந்து என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற முதல் தமிழ்ச் சொல் 'வாழ்த்துகள்'. இரண்டாவது சொல்லைக் கற்க வேண்டிய அவசியமே அந்தக் குரூப்பில் அவளுக்கு வரவில்லை.

வாழ்த்துவதிலும் ஒரு முறை இருந்தது. கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. முதலில் பேராசிரியர்கள், பிறகு இணைப் பேராசிரியர்கள், பிறகு ஒப்பந்த விரிவுரையாளர்கள், கடைசியில் நாங்கள். ஒருவர் போட்டதற்கு மற்றவர் தலையாட்டினால் போதாது. ஆளுக்கொரு பூங்கொத்து தனித்தனியாக வைக்க வேண்டும். துறைத்தலைவருக்கான வாழ்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறு பேச்சு எடுப்பது மகா குற்றம். வாழ்த்தாமல் விட்டவர்களை அவர் மறுநாள் நடைபாதையில் பார்த்து, "என்னம்மா, குரூப் பாக்கறதில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எல்லாரும் பூ வாங்கினார்கள், காசில்லாத பூ.

அவளுக்குப் பூ வேண்டாம். சம்பா அறுவடைக்கு முன்னால் ஒருநாள் வயலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் குழாயில் ஒரு சதுரச் சட்டம் செய்து வைத்திருந்தாள். அதை வயலில் அங்கங்கே வைத்து, சட்டத்துக்குள் விழும் கதிரை மட்டும் அரிவாளால் அறுத்து, பையில் கட்டி, எடை பார்க்க வேண்டும். உப்பு அதிகம் உள்ள பள்ளத்து வயல்களின் கதிர்தான் முக்கியம். உப்பைத் தாங்கும் ரகம் அங்கே எவ்வளவு விளைந்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சியே. அறுப்பு மெஷின் முந்திவிட்டால் எல்லா நெல்லும் ஒன்றாகக் கலந்துவிடும்; ஒன்றுக்கும் உதவாது. அடுத்த சம்பா வரைக்கும் அவளால் இருக்க முடியாது. உதவித்தொகையும் விசாவும் அதற்குள் முடிந்துவிடும். அவளுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு தை மாதம்.

மெஷின் எப்போது வரும் என்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் மெஷினை ஏஜெண்ட் எந்த வயலுக்குத் திருப்புகிறானோ அங்கே இறங்கும். பக்கத்து வயலுக்கு வந்துவிட்டால் நாமும் அன்றைக்கே அறுத்தாக வேண்டும். விட்டால் திரும்பவும் பிடிக்க முடியாது. அதனால் வயல்காரர் சேதி சொன்ன உடனே கிளம்பிவிட வேண்டும் என்று அவள் சட்டத்தையும் பைகளையும் கதவோரம் தயாராக வைத்திருந்தாள்.

சேதி வந்த அன்று காலை எனக்குத் தேர்வு மேற்பார்வை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து பார்த்தபோது குரூப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு சங்கம் எங்கள் துறைத்தலைவருக்குப் பொன்னாடை போர்த்தி விருது கொடுத்திருந்தது. எதற்கு என்றால், வெளிநாட்டு மாணவர்களின் ஆராய்ச்சிக்குச் சமூக ஊடகம் மூலம் சிறப்பாக வழிகாட்டியதற்கு. நான் பொய் சொல்லவில்லை, படத்தில் கேடயத்தின் மேலேயே எழுதியிருந்தது.

அந்தப் பூக்களை விலக்கிக்கொண்டே மேலே போனேன். ஒரு கும்பிடு, ஒரு கைதட்டல், ஒரு 'சூப்பர் சார்', அதற்கு நடுவில் வயல்காரரின் குரல் பதிவு.

"அம்மா, மெஷின் பக்கத்து வயலுக்கு வந்துருச்சு. மத்தியானத்துக்குள்ள நம்ம வயல்ல எறங்கிடும். அந்தப் பொண்ண ஒடனே சட்டத்த எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. மேகம் வேற கருத்துக்கிட்டு வருது."

காலையிலேயே வந்த சேதி. அவள் அறைக்கு ஓடினேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் வாழ்த்துகள் என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அந்தக் குரலும் ஒரு வாழ்த்துதான். சொன்னவுடன் அவள் முகம் போன போக்கை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.

வேளாங்கண்ணி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். திருவாரூர் தாண்டும்வரை சட்டம் யார் மேலாவது இடித்துக்கொண்டே வந்தது. அவள் யாரிடமும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கீழ்வேளூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து வரப்புக்குப் போனபோது மெஷின் மேட்டு வயலில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்து வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. அவள் நட்டுவைத்திருந்த மூங்கில் குச்சிகளை யாரோ பிடுங்கி வரப்பில் ஒழுங்காக அடுக்கியிருந்தார்கள்.

வயல்காரர் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இப்பதான் வர்றீங்களா? உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல. குரூப்ல போட்டேன். போட்ட ஒடனே எல்லாரும் கைய காட்டினீங்க, பூவெல்லாம் வந்துச்சு. சரி, கெளம்பிட்டாங்கன்னு நெனச்சேன். அப்பவும் ஒரு மணி நேரம் மெஷின நிறுத்திவச்சேம்மா. டிரைவர் வேற வயலுக்குப் போறேன்னு நின்னுட்டான்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அத்தனை படித்தவர்கள் ஒரு சேதிக்குக் கீழே கைகூப்பினால் யார்தான் நம்பமாட்டார்கள். அவள் மொட்டை வயலில் இறங்கி, அறுத்த நெல்தாளின் மேல் சட்டத்தை வைத்தாள். சட்டத்துக்குள் ஒரு கதிர்கூட இல்லை. பிறகு எடுத்துக்கொண்டு ஏறிவந்துவிட்டாள்.

மறுநாள் துறையில் ஒப்பந்த விரிவுரையாளர் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் அந்தக் குரலை வந்த உடனேயே கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் தட்டச்சுகூடச் செய்து வைத்திருக்கிறார்.

"அப்பறம் ஏங்க போடல?" என்று கேட்டேன்.

"சாருக்கு வாழ்த்து ஓடிக்கிட்டு இருக்கும்போது நடுவுல எப்படிங்க போடறது? முடியட்டும்னு இருந்தேன். முடியவே இல்ல. எனக்கு இந்த மாசம் ரின்யூவல் வேற" என்றார்.

அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை. பயம் எல்லாருக்கும்தான் இருந்தது. ஆனால் பயிர் அவளுடையது மட்டும்தான்.

மேட்டு வயலில் மிச்சம் இருந்ததை வைத்து அவளால் எதையும் எழுத முடியவில்லை. உப்பில்லாத மண்ணில் உப்பைத் தாங்கும் நெல் எப்படி விளைந்தது என்று உலகத்தில் எவரும் கேட்கப்போவதில்லை. பட்டம் இல்லாமலே ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாள். துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்தி, படம் எடுத்துக்கொண்டார். அவள் கிளம்பிய அன்று காலையில் அது குரூப்பில் வந்தது. 'களப்பணியை வெற்றிகரமாக முடித்துத் தாயகம் திரும்பும் நம் மாணவி. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.'

பேராசிரியர்கள் பூ வைக்கத் தொடங்கினார்கள். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் வெகுநேரம் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய், வயல்காரரின் அந்தக் குரலைக் கண்டுபிடித்து, அதைத் திரும்பவும் குரூப்பில் போட்டாள். அந்தக் குரூப்பில் அவள் தானாகப் போட்ட கடைசிச் சேதி அதுதான்.

நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். இப்போதாவது கேட்பார்கள், ஒருவராவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். குரலைக் கேட்டு முடிக்க வேண்டிய நேரம்கூட ஆகவில்லை, துறைத்தலைவரிடமிருந்து கட்டைவிரல் ஒன்று வந்தது. அதற்குக் கீழே இணைப் பேராசிரியர்கள், முறைப்படி, ஒருவர் பின் ஒருவராக.

அவள் ஒவ்வொன்றையும் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கேட்டார்களா?" என்று என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள், குரூப்பை விட்டு வெளியேறினாள், பெட்டியைத் தூக்கினாள்.

அவள் வெளியேறிவிட்டதாக வாட்ஸ்அப் தானாகவே எழுதிய வரிக்குக் கீழே அடுத்த பூங்கொத்து வந்து விழுந்தது. வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது.