மந்திரியைத் தாண்டிய ராஜா

பூந்தமல்லி வாசகசாலை நடத்திய சதுரங்கப் போட்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், எனக்கு எதிரே உட்கார்ந்தவரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கரையான்சாவடியில் துணி தைப்பவர். ரங்கூனிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர் என்றார்கள்.

யுத்தத்தில் ரங்கூன்மேல் குண்டு விழுந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அங்கே அரிசி ஆலையில் வேலை பார்த்த என் மகன் முதல்நாள் குண்டுவீச்சிலேயே போய்விட்டதாகக் கடிதம் வந்திருந்தது. உடலைக் கண்டவர் யாருமில்லை. கருமாதி செய்துவிட்டோம். அவன் அம்மா மட்டும் நம்பவில்லை.

எங்கள் ஊர் ஆட்டமுறையில் ராஜா ஒரே ஒரு முறை குதிரைபோலத் தாண்டலாம். ஆபத்துக்கு உதவும் என்று எல்லோரும் அதைக் கடைசிவரை வைத்திருப்பார்கள். இவர் இடப்பக்கத்து மூன்றாவது சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அடுத்து, ராஜாவைத் தூக்கி மந்திரிக்கு மேலாகக் கொண்டுபோய், சிப்பாய் விட்டுப்போன கட்டத்தில் வைத்தார்.

"தொரை எறங்கிட்டாரு, வயி உடு" என்றார்.

இரண்டாவது நகர்த்தலிலேயே அதைச் செலவழிக்கும் ஒரே ஆள் என் மகன். அதே சொல்லோடு. எத்தனை முறை திட்டியிருப்பேன்.

"இன்னா நைனா, ஆடல?"

"இது யார் சொல்லிக்குடுத்தது?"

"ரங்கூன்ல. ரெண்டாந்தபா குண்டு போடசொல்ல பதுங்குகுழில கெடந்தோம். கும்மிருட்டு. நான் பயத்துல ஒளறிக்கினு இருந்தேன். பக்கத்துல ஒரு கொரலு, 'சதுரங்கம் தெரியுமா அண்ணாத்தே?'ன்னுச்சு. பலகை இல்லாம வாயாலயே ஆடினோம்."

"ரெண்டாந்தடவையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மொத தபா நான் ஊர்லயே இல்ல."

"இடது புருவத்துல தழும்பு இருந்துதா?"

"மூஞ்சியே பாக்கல. ஆட்டத்து நடுவுல கொரலு நின்னுபோச்சு. ஆபத்து இல்லன்னு சங்கு ஊதினப்புறம் மேல ஏறினது நாலே பேரு, உள்ள வேற யாருமே இல்ல. மத்த மூணு பேருக்கும் சதுரங்கமே தெரியாதாம்." என்னை உற்றுப் பார்த்தார். "இப்ப நீங்க பேசறத கேக்கசொல்ல, அதே கொரலு மாதிரி கீது நைனா."

பலகையில் எது என் காய் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்தேன்.

வீட்டில் அவன் அம்மா, "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டாள்.

உயிரோடிருப்பவனுக்குக் கருமாதி செய்துவிட்டேன் என்று சொல்வதா, செத்தவன் குழிக்குள் பேசினான் என்று சொல்வதா? "தோத்துட்டேன்" என்றேன். இன்றுவரை அவளிடம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.