ஆறாம் வாசிப்புக் கடதாசி

மூன்றாம் தரத்துப் பிள்ளை நாலாம் தரத்துக்குப் போவதென்றால் வாசித்துக் காட்டவேண்டும் என்ற விதியை எங்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்தபோது, அதை மனதார ஆதரித்த ஒரே ஆசிரியை நான்தான். மற்றவர்கள் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே வந்து முணுமுணுத்தார்கள். பதினெட்டு வருடமாக மூன்றாம் தரம் படிப்பிக்கிறேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை வயதைப் பார்த்து மேலே அனுப்பிவிட்டு, ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது, "கீழ் வகுப்பில என்ன படிப்பிச்சவை?" என்று பேச்சு வாங்கி வாங்கி எனக்கு அலுத்துப்போயிருந்தது.

எங்களுடையது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில் இருக்கும் சிறிய தனியார் பள்ளிக்கூடம். தமிழ் மொழிமூலம். முக்கால்வாசிப் பிள்ளைகள் சுற்றியுள்ள தொடர்மாடிகளில் இருந்து நடந்து வருவார்கள். கொஞ்சப்பேர் நகரத்தின் மறுகோடியில் உள்ள கொட்டாஞ்சேனையில் இருந்து வேனில் வருவார்கள். அவர்கள் வகுப்புக்குள் வரும்போதே பாதி நித்திரையில் இருப்பார்கள்.

விதி சிக்கலானதல்ல. ஏழு வாசிப்புக் கடதாசிகள். ஒவ்வொன்றிலும் பத்து வரி. பிள்ளை ஒரு துண்டுச் சீட்டை எடுக்கும். அதில் உள்ள இலக்கத்துக்குரிய கடதாசியை எனக்கு முன்னால் இருந்து வாசிக்கும். மூன்று சொல்லுக்கு மேல் பிழைத்தால் இன்னொரு வருடம் மூன்றாம் தரம். ஏழையும் எழுதியது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே வலியப் போய் எழுதினேன். சந்தை, மழை, பஸ் பயணம், பிறந்தநாள் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயங்கள். எழுதி முடித்தபோது எனக்கே என் தமிழ் நன்றாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக் கம்பியூட்டரில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத்தான் வரும். அதனால் ஒழுங்கை முனையில் உள்ள கொமியூனிகேஷனுக்குக் கொண்டுபோனேன். போட்டோக் கொப்பி, போன் ரீலோட், தமிழ் டைப்பிங் எல்லாம் அங்கே ஓர் அக்கா தனியாளாகப் பார்க்கிறா. கடை வாசலில் கயிறு கட்டி, எல்லாப் பள்ளிக்கூடத்துப் பழைய வினாத்தாள்களையும் கொழுவி வைத்திருப்பா. வெள்ளவத்தைப் பெற்றோருக்கு மரக்கறிக் கடையும் அந்தக் கடையும் ஒன்றுதான், இரண்டுக்கும் போகாமல் கிழமை முடியாது.

அக்கா டைப் பண்ணித் தந்த ஏழு கடதாசிகளையும் அதிபரிடம் காட்டினேன். அவர் ஆறாவதில் நின்றுவிட்டார். அது ரயில் நிலையத்தைப் பற்றியது. கடைசி வரி, 'கடற்காற்று அம்மாவின் குடையைப் பறித்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் போனது.'

"மிஸ், இதை வாசிச்சிட்டு ஒரு பிள்ளை குடைக்குப் பின்னால ஓடினா ஆர் பதில் சொல்றது?" என்றார்.

அந்த வரிதான் கடதாசிக்கே உயிர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதிபர் அதிபர்தான். திரும்பக் கடைக்குப் போய், 'அம்மா குடையை மடக்கிப் பையில் வைத்தார்' என்று மாற்றிக் கொண்டுவந்தேன். பிறகு ஏழையும் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு கவனம்.

மூன்றாம் தவணைக் கடைசியில் பரீட்சை வந்தது. முப்பத்தொரு பிள்ளைகள், மூன்று நாள். முதல் இரண்டு நாளும் நான் காற்றில் நடந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பிள்ளைகள் மளமளவென்று வாசித்தார்கள். ஒருவரும் தவறவில்லை. வருடம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை என்று நினைத்தேன். பாமன்கடையில் உள்ள என் வீட்டுக்கு இரண்டாம் நாள் பின்னேரம் பஸ் எடுக்காமல் நடந்தே போனேன்.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி வந்தாள். வகுப்பில் பின்வரிசை. சத்தமில்லாத பிள்ளை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் முதலில் எழுதி முடிப்பதும் அவள்தான். அதைப் பார்த்து நானும் அவளைக் கெட்டிக்காரி என்றே வைத்திருந்தேன். அவளுக்கு ஆறாம் இலக்கம் வந்தது. அதற்கு முன் அந்த இலக்கம் இரண்டு பேருக்கு வந்து, இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி வாசித்திருந்தார்கள்.

இவள் கடதாசியை மேசையில் வைத்து, வரிக்குக் கீழே விரல் வைத்து, ஏற்ற இறக்கத்தோடு தொடங்கினாள். ஒன்பது வரியும் ஒரு பிழையில்லை. பத்தாவது வரியில், "கடற்காற்று அம்மாவின் குடையைப் பறித்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் போனது" என்றாள். 'பறித்துக்கொண்டு' என்ற இடத்தில் கையை வேறு வீசிக் காட்டினாள்.

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் வரியை ஒரு பிள்ளை இவ்வளவு அழகாகச் சொல்கிறதே என்று. பிறகுதான் அந்த வரி அந்தக் கடதாசியிலேயே இல்லை என்பது உறைத்தது.

கதைப் புத்தகப் பெட்டியில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தை விரித்து முன்னால் வைத்தேன். 'அணிலுக்குப் பசித்தது' என்று இருந்தது. மேலே ஒரு படம். அவள் எழுத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். "அணில்... மரத்துல இருக்கு" என்றாள். அடுத்த பக்கம் திருப்பினேன். அங்கே படம் இல்லை. அவள் முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தாள், விரல் அங்கேயே நின்றது. எட்டு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

பட்டியலில் அவளுடைய பெயருக்கு நேரே 'சித்தியில்லை' என்று எழுதினேன். இன்னொரு வருடம் மூன்றாம் தரம். விதி விதிதான்.

மறுநாள் தாய் வந்தா. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் சாமான் விடுவிக்கும் கந்தோர் ஒன்றில் கிளார்க். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தா. கையில் ஒரு பைல். அதைத் திறந்து என் மேசையில் பரப்பினா. ஏழு வாசிப்புக் கடதாசிகள். ஆறாவதில் குடை காற்றோடு போயிருந்தது.

"நாங்க எல்லாம் செஞ்சம் மிஸ். ஒவ்வொரு நாளும் வேலையால வந்து கேட்டேன். ஏழையும் ஒரு பிழை இல்லாம வாசிச்சா. நீங்க குடுத்த பேப்பர்தானே?"

"நான் குடுக்கேல்லை."

"கடையில கேட்டேனே. மூணாம் தரத்து வாசிப்புப் பேப்பர், பிள்ளைகளுக்குப் பழக்கச் சொல்லி வந்தது எண்டாங்க. எல்லா அம்மாமாரும்தான் வாங்கினாங்க."

பொய் சொல்லுகிற ஆள் இப்படி எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பாது. பிள்ளை கடதாசியைப் பார்த்தபடி பிழையில்லாமல் சொல்கிறது. தாய் அதை வாசிப்பு என்று நினைத்திருக்கிறா. ஒரு வருடமாக அவளுடைய கொப்பியைத் திருத்திய நானே நினைத்தேன்தானே.

"தங்கச்சி ரெண்டாம் தரம் மிஸ். இவ நின்னா ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. சின்னவ நல்லா வாசிப்பா. இவ அதை எப்பிடித் தாங்குவா? தயவு செஞ்சு பாருங்க மிஸ்" என்றா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் நேரே கொமியூனிகேஷனுக்குப் போனேன். அக்கா ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. முதலில் டைப் பண்ணினது கம்பியூட்டரிலேயே இருந்தது என்றா. ஓர் அம்மா வந்து கேட்டா, அடுத்த நாள் நாலு பேர் கேட்டார்கள்.

"பேப்பர் எண்டா பிள்ளையளுக்குத்தானே மிஸ். நீங்க ரகசியம் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லையே" என்றா.

சொல்லவில்லைதான். அலுமாரியைப் பூட்டிய எனக்கு அவவின் வாயைப் பற்றியும் கம்பியூட்டரைப் பற்றியும் யோசனை வரவில்லை. வாசலில் ஏழு கடதாசிகளும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கொழுவியிருந்தன. இரண்டு மாதமாக நான் அதைத் தாண்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன்.

அதிபரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"மற்றப் பிள்ளையளின்ர பெறுபேறு எல்லாம் போட்டாச்சு. இப்ப திரும்ப வாசிக்கச் சொன்னா முப்பது வீட்டு ஆக்களும் வந்து வாசல்ல நிப்பினம். பிடிபட்டது ஒண்டுதானே மிஸ்?"

"ஓம், ஒண்டுதான்."

"அந்தப் பிள்ளைக்கு உண்மையா வாசிக்கத் தெரியாதுதானே?"

"தெரியாது."

"பிறகென்ன?"

பிறகென்ன என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதே அணில் புத்தகத்தை மற்ற முப்பது பேரிடமும் கொடுத்துப் பார்த்திருக்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதிபருக்குத் தெரியாமல்கூடச் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. பெற்றோருக்குப் பயந்து அல்ல. அந்த முப்பது பேரில் பத்துப் பேர் அணிலின் படத்தைப் பார்ப்பார்களோ என்று பயம். அப்படிப் பார்த்தால் என்னுடைய பதினெட்டு வருடத்துக்கு என்ன பெயர்? அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் அவளும் அவளுடைய தங்கையும் என் வகுப்பில் இருந்தார்கள். ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினேன். இரண்டாம் நாளே பெரியவள் வந்து, தன்னை வேறு இடத்தில் விடச் சொன்னாள். விட்டேன். புதிதாக வந்த சங்கீத ஆசிரியை, "ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைகளோ?" என்று கேட்டபோது, பெரியவள் கொஞ்சமும் யோசிக்காமல் "ஆமா மிஸ்" என்றாள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு இருத்தி முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். அவளுக்கு எழுத்துகளின் வடிவம் தெரியும், ஒலிதான் தெரியாது. பார்த்து வரைந்திருக்கிறாளே தவிர எழுதவில்லை. ஒரு தவணை முழுவதும் அவள் என்னுடன் தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. இரண்டாம் தவணையில் சொற்கள் பிடிபட்டன. பிறகு வேனில் வரும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு வருகிறாள், காது வலிக்கிறது என்று வேன்காரர் முறையிட்டார். ஆகவே, விதியால் நன்மை வந்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பெற்றோர் கூட்டத்தில் அதிபர் அதைத்தான் சொன்னார். நானும் பக்கத்துக் கதிரையில் இருந்து தலையாட்டினேன்.

அந்த வருடப் பரீட்சைக்கு நான் எந்தக் கடைக்கும் போகவில்லை. கடதாசிகளை முதல் நாள் பின்னேரம் வீட்டில் இருந்து கையால் எழுதினேன். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டேன், வேனுக்கு நேரமாகிவிடும் என்று. அவள் வந்து சீட்டு எடுத்து, கடதாசியைக் கிட்ட இழுத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கையை வீசவில்லை. ஏற்ற இறக்கமும் இல்லை. ஒரு சொல் பிழைத்தது, நின்று திரும்பிப் போய்த் தானே திருத்தினாள். பத்தாவது வரி முடிந்ததும் 'சித்தி' என்று எழுதி அவளுக்குக் காட்டினேன். எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

அவள் எழும்பவில்லை.

"மிஸ், போன வருசம் எல்லாரும் பாடமாக்கிட்டுத்தான் வந்தாங்க. வேன்ல வரக்குள்ள சேந்து சொல்லிப் பாப்பம். எனக்கு மட்டும் ஏன் வேற புத்தகம் தந்தீங்க?"

அந்தக் கேள்விக்குப் பெற்றோரிடம் சொல்வதற்கென்று ஒரு பதில் என்னிடம் தயாராக இருந்தது. அதையே எடுத்துவிட்டேன்.

"உனக்கு வாசிக்கத் தெரியாது எண்டு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான்."

"மத்தவங்களுக்குத் தெரியுமா எண்டு பாத்தீங்களா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நேரம் என்ன என்று கேட்பவர்களின் குரல் அது.

"இல்லை" என்றேன்.

வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அப்போது தெரிந்தது. அவள் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கதிரையை உள்ளே தள்ளி வைத்துவிட்டு வெளியே போனாள். அடுத்தது அவளுடைய தங்கை. கதவுக்கு அப்பால், தங்கையின் முகத்தைத் துடைத்துவிட்டபடி அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பயப்படாத, போ. இந்த முறை மிஸ் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் குடுக்கிறாங்க."