உட்கார்ந்து வந்த மீன்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், தாமலிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில், மூச்சு முட்டும் கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். நெற்றியில் ஒற்றைக் கோடாக ஸ்ரீசூர்ணம். தலைக்கு மேல் தூக்கிய கைகளில் காற்றடைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பை. அதற்குள் தண்ணீரில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள். அடிக்கடி பையைக் கண்ணருகே இறக்கி, அவை வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துத் தானும் திறந்து மூடுவார்.

வளர்ப்பு மீன் ஆராய்ச்சியாம். "நெருக்கி வெச்சா ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சிடும் சார். எவ்வளவு இடம் விட்டா நிம்மதியா இருக்கும்னு பாக்கறோம்" என்றார்.

பின்னால் யாரோ யார் காலையோ மிதித்துவிட, இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"பாத்தேளா?" என்றார், சந்தோஷமாக.

சீட்டில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா நிமிர்ந்தாள். "வறுத்தா நல்லா இருக்குமா சாமி?"

"தெரியாதும்மா. எங்காத்துல மீன் சாப்பிடற வழக்கமில்லை."

"துன்னவும் மாட்டே. அப்புறம் எதுக்கு இத்தத் தூக்கிக்கினு இந்தப் பாடு?"

"நீங்க சாப்பிடற வரைக்குமாவது அது சௌக்கியமா இருக்கட்டுமேன்னுதான்."

அவள் கொஞ்ச நேரம் பையையே பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "இதுங்களை உக்கார வெச்சுக்கினு வா சாமி."

அவர் மறுக்கவில்லை. பையை அலுங்காமல் சீட்டில் வைத்துவிட்டு, பெரிய காஞ்சிபுரம் நிறுத்தம் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார். பக்கத்தில் அவளும்.

இன்றும் தட்டில் மீன் விழுந்தால், இது உட்கார்ந்து வந்ததா, நின்றுகொண்டு வந்ததா என்று யோசிக்காமல் எனக்குக் கை போவதில்லை.