கொலைகாரி சேலை

செல்போனில் பழைய துப்பறியும் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்காரி மாலதி, முதலாளியைக் கொன்று பங்களாவுக்கே எஜமானியாகி, பட்டுச்சேலையில் மாடிப்படி இறங்குகிறாள்.

சின்ன வயதில் இதே காட்சியை ஆரணியில், எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தோம். தறிச் சத்தமெல்லாம் நின்று, தெருவே எங்கள் கூடத்தில் வாய்பிளந்து உட்கார்ந்திருந்தது.

"இன்னா கலருங்க அது?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"கிளிப்பச்சைம்மா," என்றார் அப்பா, யோசிக்காமல். எனக்கு எல்லாம் சாம்பலாகத் தெரிய, அவருக்கு மட்டும் எப்படி நிறம் தெரிகிறது என்று மலைத்துப் போனேன்.

அப்பா அதையே நெய்தார். மாலதி தூக்குமேடை ஏறிய பிறகும் 'கொலைகாரி சேலை' கேட்டு ஊரே வந்தது.

இப்போது கலரில் பார்த்தால், மாலதி கட்டியிருப்பது நீலம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இருக்கட்டும்மா. அன்னிக்கி நம்ம கிட்ட கிளிப்பச்சை நூல்தான் இருந்திச்சி."