டத்தோ கிராமாட் வீட்டுக்குக் கொண்டுபோன பால்

எங்கள் குடும்பம் பினாங்கு டவுனில், டத்தோ கிராமாட்டில் குடியிருந்தது மொத்தம் அரைப் பொழுதுதான். காலையில் போனோம். மதியச் சோற்றுக்கு ஆயர் ஈத்தாமுக்கே திரும்பி வந்துவிட்டோம். அதற்குக் காரணம் நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். போன மாதம் அம்மா போய்விட்டாள். இனி மறைத்து வைத்து என்ன செய்யப் போகிறேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. இரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். மிச்சமெல்லாம் அண்ணனுடைய பழைய புத்தகங்களைப் பார்த்து வந்ததுதான்.

அப்போது எனக்கு ஆறு வயது முடிந்திருக்கும். அண்ணனுக்கு எட்டு. ஆயர் ஈத்தாமில் ஆற்றுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு. வீட்டை விடக் கொட்டகைதான் பெரிசு. நாலு மாடு. அப்பா விடியும் முன்னே கறந்து, தகர டின்னில் ஊற்றிக்கொண்டு வீடு வீடாகப் போவார். பால் விற்கிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்றே ஒன்று: பால் சட்டிக்குப் பக்கத்தில் புளிப்பு வரக் கூடாது. புளி கரைத்த கையோடு சட்டியைத் தொட்டால் அப்பா தொடையில் கிள்ளுவார். அந்தத் தழும்பு அண்ணனுக்கு இரண்டு இருந்தது, எனக்கு ஒன்று.

டவுனில் மாமா இருந்தார், அம்மாவுக்குத் தம்பி. துறைமுகத்துக் கிடங்கு ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ட்ராமில் வந்து இறங்கினால் வீடு கலகலப்பாகிவிடும். அவர்தான் முதலில் பேச்சை எடுத்தார். அண்ணன் படிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. டவுனில் இங்கிலீசுப் பள்ளிக்கூடம் இருக்கிறது, வயது கூடிவிட்டால் எடுக்க மாட்டார்கள், இப்போதே வந்துவிடுங்கள் என்றார்.

“மச்சான், இவன இங்கயே வச்சிருந்தா மாட்டுக்குத்தான் ஏ பி சி டி சொல்லிக் குடுப்பான்.”

“சொல்லிக் குடுக்கட்டுமே. மாட்டு லைசென்சு கேட்டு வர்றவன்கிட்ட மாடே இங்கிலீசுல பேசி அனுப்பிடும்” என்றார் அப்பா.

அண்ணனுக்கு வேறு கவலை. “மாமா, அந்தப் பள்ளிக்கூடத்துல அடிப்பாங்களா?”

“அடிப்பாங்கடா. ஆனா இங்கிலீசுல அடிப்பாங்க.”

அண்ணன் யோசித்துப் பார்த்து, தமிழிலேயே அடி வாங்கிக்கொள்கிறேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “வீடு எங்க இருக்கு தம்பி? பள்ளிக்கூடம் நடக்குற தூரமா?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வீட்டில் இதே பேச்சுதான். டவுனுக்குப் போனால் மாடு வைக்க இடம் இல்லை. விற்கத்தான் வேண்டும். மாமா கிடங்கில் அப்பாவுக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருந்தார். அப்பா ஒரு நாள் சரி என்பார். மறுநாள் கொட்டகைக்குள் போய்விட்டு வந்து, இங்கே காற்று நன்றாக இருக்கிறதே என்பார். அம்மா சண்டை போடவில்லை. ஆனால் விடவும் இல்லை. சோறு போடும்போது ஒரு வார்த்தை, விளக்கு ஏற்றும்போது ஒரு வார்த்தை.

அந்த நாட்களில் அம்மா என்னோடு ஒரு விளையாட்டு விளையாடுவாள். சாயங்காலம் என்னை நிலைப்படியில் நிற்க வைப்பாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வாள். என் விரல் முடியிலேயே நின்றுவிடும்.

“தலையச் சாய்க்காதடி, கள்ளி. நேரா நில்லு. எட்டுதா?”

“எட்டலம்மா.”

“நாளைக்குப் பாப்போம்.”

ஒரு நாள் நடுவிரல் நுனி காது மேலே பட்டுவிட்டது. அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் யாரும் என்னைத் தூக்குவதில்லை. கையில் ஒரு துண்டு சீனி கொடுத்தாள். கொட்டகைக்கு ஓடி, “ஏங்க, எட்டிருச்சு” என்றாள். அப்பா பால் மடியை விட்டுத் திரும்பிப் பார்த்து, “சரி, பாப்போம்” என்றார். நான் விளையாட்டில் ஜெயித்துவிட்டேன் என்று சீனியை நக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே வீடு பேசி முடித்தாயிற்று. சீன முதலாளி ஒருத்தர், தவுக்கே என்பார்கள், அவருடைய கடை வீடு வரிசையில் கடைசி வீடு. மாட்டை வாங்க ஜெலுத்தோங்கிலிருந்து ஒருத்தர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார். செவலைதான் அவருக்குப் பிடித்தது. செவலைக்கு ஒரு மாதக் கன்று இருந்தது, நெற்றியில் வெள்ளையாகப் பொட்டு. சுட்டி என்று பேர் வைத்தது நான். வைக்கோல் மேலே அதோடு படுத்துத் தூங்கியிருக்கிறேன். நாங்கள் குடி போன மறுநாள் வந்து ஓட்டிக்கொண்டு போவார், கன்றும் தாயோடு போகும் என்று சொன்னார்கள். எனக்கு அழத் தெரிந்தது, அழுதேன். ஆறு வயதுப் பிள்ளை அழுதால் யார் குடி போகாமல் இருப்பார்கள்?

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச முடிவானது. புது வீட்டில் அடுப்பு மூட்டிப் பால் பொங்கினால்தான் குடி போனதாகக் கணக்கு. அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. “எல்லாரும் எங்கிட்ட வாங்கித்தான் காய்ச்சுறாங்க. இன்னைக்கு எனக்கே நான் கறக்குறேன்” என்று சொல்லிக்கொண்டே செவலையைக் கறந்தார். சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றி அப்பாவும் அண்ணனும் முன்னால் போய்விட்டார்கள். வண்டி குலுங்கினால் பால் சிந்தும் என்று அம்மாவும் நானும் ட்ராமில் போனோம். பெண்பிள்ளை மடியில் பால் போனால் வீடு நிறையும் என்று சொல்லி அம்மா பித்தளைச் செம்பை என் மடியில்தான் வைத்தாள். மேலே ஒரு தட்டு. காலடியில் பூசைக் கூடை: தேங்காய், வெற்றிலை, சூடம், நாலு எலுமிச்சம்பழம்.

நான் அதை முன்கூட்டி நினைத்து வைத்திருக்கவில்லை. கூடையைப் பார்த்ததும்தான் தோன்றியது. அம்மா சாமி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். டத்தோ கிராமாட் ரோட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் சிலர், வெள்ளைச் சட்டையும் கையில் புத்தகமுமாக நடந்து போனார்கள். அம்மா அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ட்ராம் தாண்டிப் போன பிறகும் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கடித்து, தட்டை நகர்த்தி, பாலில் பிழிந்துவிட்டு, தோலை ட்ராமுக்கு வெளியே போட்டுவிட்டேன். பால்காரன் மகளுக்கு வேறு எதுவும் தெரியாவிட்டாலும் அது தெரியும்.

புது வீட்டில் மாமாவும் அத்தையும் காத்திருந்தார்கள். தவுக்கேயும் சாவியோடு நின்றார். மூன்று செங்கல் வைத்து அடுப்பு. அப்பா பாலை ஊற்றினார். நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். பால் பொங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கட்டி கட்டியாகப் பிரிந்து, மஞ்சள் தண்ணீர் தனியாக நின்றது.

“ஐயையோ, திரிஞ்சு போச்சே!” என்றாள் அத்தை. அப்பா குனிந்து சட்டியையே பார்த்தார். அவர் பால் ஊற்றின வீட்டில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை.

தவுக்கேதான் பேசினார். பால் கெட்டால் என்ன, வேறு பால் வாங்கி வையுங்கள் லா என்று மலாயில் சொன்னார். அந்த நேரம் பார்த்து ஒரு பஞ்சாபிப் பால்காரர் சைக்கிளில் டின்னோடு தெருவில் போனார். மாமா வாசலுக்கு ஓடினார்.

“மச்சான், கூப்பிடட்டுமா? ஒரு செம்பு வாங்கிக் காய்ச்சிடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல?” என்றார் அப்பா. “பால்காரன் வீட்டுக்கு அடுத்தவன் பாலா? நாளைக்கு பாசார்ல எவன் மூஞ்சில முழிக்கிறது?”

“ஒரே ஒரு தடவைங்க” என்றாள் அம்மா. “யார் பாலா இருந்தா என்ன? இன்னொரு தடவை வச்சுப் பாத்துடலாம்ங்க. பிள்ளைங்க படிப்புங்க.”

அம்மா அப்பாவிடம் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கெஞ்சிக்கொண்டே சட்டியைக் கரண்டியால் கிளறினாள், எங்கேயாவது நல்ல பால் மிச்சம் இருக்கும் என்பது மாதிரி. திடீரென்று கை நின்றது. கரண்டியிலிருந்து விதை மாதிரி எதையோ இரண்டு விரலால் எடுத்தாள். பார்த்தாள். கையை மூடிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள்.

“வா, கை கழுவலாம்” என்றாள்.

பின்கட்டில் குழாய் இருந்தது. அம்மா என் இரண்டு கையையும் மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். அப்புறம் அங்கே பழைய அடுப்பில் கிடந்த சாம்பலை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எரிந்தது. மறுபடி முகர்ந்தாள். மறுபடி கழுவினாள். உள்ளே மாமாவும் அப்பாவும் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அத்தை குரலும் கேட்டது: “யாரு கை பட்ட தோஷமோ தெரியலயே.” அம்மா முந்தானையால் என் கையைத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

நாங்கள் உள்ளே போனதும் அப்பா கேட்டார். “நீ என்ன சொல்ற? கூப்பிடச் சொல்லவா அந்தப் பஞ்சாபிய?” மாமா அவரைக் கொஞ்சம் இளக்கி வைத்திருந்தார் போலிருக்கிறது.

“வேணாங்க. திரும்பிடலாம்” என்றாள் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே.

அப்பா முகத்தில் வந்த நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. வண்டிக்காரர் இறக்கின சாமானை முணுமுணுத்துக்கொண்டே மறுபடி ஏற்றினார். நான் திரும்பும்போது ட்ராம் வேண்டாம் என்று வண்டியில், பாய்ச் சுருள் மேலே உட்கார்ந்து வந்தேன். அன்றைக்கு என்னை விடச் சந்தோஷமான பிள்ளை பினாங்கில் இருந்திருக்காது. கொட்டகைக்கு ஓடினேன். சுட்டி என் கையை நக்கியது. சாம்பல் வாசனைக்குத் தும்மியது.

இப்போது அது எங்கள் கொட்டகையிலேயே பெரிய மாடு. நாலு ஈற்று ஈன்றுவிட்டது. அப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து நான்தான் கறக்கிறேன். அண்ணன் மறு வருஷமே இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். தினமும் ட்ராமில் போய், ட்ராமில் வந்தான். இப்போது கப்பல் ஆபீசில் எழுதுகிறான். எனக்கும் ஒரு குறையும் இல்லை. ஆறு, மாடு, சாயங்காலம் மலையிலிருந்து இறங்குகிற காற்று. வேறு எங்கே போயிருந்தாலும் இவ்வளவு நன்றாக இருந்திருப்பேனா என்று தெரியவில்லை. அம்மாவும் ஒரு நாளும் அந்த வீட்டைப் பற்றிப் பேசினதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா வந்தார். இலை எடுத்த பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

“உங்கம்மாவுக்கு அந்த டத்தோ கிராமாட் வீடு மேல எவ்வளவு ஆசை தெரியுமா? அதுக்குப் பின்னாலதான் மிஷன்காரங்க பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடம். காது எட்டினா கூட்டிக்கிட்டு வான்னு டீச்சரம்மா சொன்னாங்களாம். எங்கிட்ட நாலு தடவை வந்து சொல்லிட்டா.”

“அண்ணனுக்குத்தான மாமா வீடு பாத்தீங்க?”

“அவன் ஆம்பளப் பய. ட்ராம்ல ஏறிப் போய்ட்டு வரமாட்டானா? வந்தான்ல? பொட்டப் பிள்ளைய அவ்வளவு தூரம் தனியா அனுப்ப முடியுமா? உனக்காகத்தான்டி வீடு. உங்கப்பன்கிட்ட உன் படிப்புன்னு சொன்னா அசைவானா? அதான் அவன் பேரச் சொன்னோம்.” வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். “என்ன பண்றது. பால் திரிஞ்சு போச்சு.”

ஆமாம் மாமா என்றேன். எழுந்து கொட்டகைக்குப் போனேன். சுட்டி அசை போட்டுக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு நேராக நின்று, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோனேன். இப்போது காது எட்டுகிறது. காதைத் தாண்டி, கன்னம் வரைக்கும் வருகிறது.