சோங்சிங்கில் நான் குடித்த சிவப்புச் சாறு

ரங்கூனில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் முதலில் கேட்பார்கள், மாட்டிறைச்சி சாப்பிடுவீங்களா என்று. பர்மியர்களிலேயே பலர் அதைத் தொடமாட்டார்கள். அதனால் கேட்காமல் யாரும் பரிமாறுவதில்லை. சீனாவிலும் கேட்பார்கள் என்று நம்பிப் போன முட்டாள் நான்.

எங்களுடையது பாதி பர்மியக் குடும்பம், எல்லாம் சாப்பிடுவோம். என் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியபோது, குழந்தையை நான் கையில் வாங்கும்வரை மாட்டிறைச்சி வாயில் படாது என்று காளியம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோதுதான் சீனாவின் சோங்சிங் நகரத்துக்கு இந்தப் பயணம். என் வீட்டுக்காரரின் ஆசை.

ஊர் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. கலங்கல் ஆறும் பச்சை ஆறும் ஒன்றாகச் சேர்கின்றன. அடுக்குமாடி வீட்டின் வயிற்றுக்குள் ரயில் புகுந்து போகிறது. மூன்று நாளும் சாப்பாடு மட்டும் ஒன்றே: மேசை நடுவில் சிவப்பாகக் கொதிக்கும் மிளகாய்ச் சாறு, நாமே போட்டு வேகவைத்து எடுக்க வேண்டும். நான் காளானும் தாமரைக்கிழங்கும் போட்டேன். "உனக்காக நானும் காய்தான்" என்றார் இவர். உருகிப்போனேன், சனியன்!

மூன்றாம் நாள் ஆற்றைக் கடக்கும் தொங்கு வண்டிக்கு வரிசையில் நின்றோம். எங்கள் பர்மிய வழிகாட்டிப் பெண்ணிடம், அந்தச் சாறு எப்படி இவ்வளவு ருசி என்று கேட்டேன்.

"மாட்டுக் கொழுப்புதான் அத்தை, அதை உருக்கித்தான் செய்வாங்க. ஊலேகிட்ட முதல் நாளே சொன்னேனே?"

ஊலே என்றால் மாமா. என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறாள். திரும்பினேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம சாப்பிட்டா குத்தமில்லைடி. சொன்னா நீ பட்டினி கிடப்ப. வந்த இடத்துல எதுக்கு?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமில்ல? யாருக்காக வேண்டிக்கிட்டேன்? உங்க மகளுக்காகத்தானய்யா!"

வரிசையே எங்களைப் பார்த்தது. பார்க்கட்டும். தொங்கு வண்டியில் ஏறாமல் ஓட்டலுக்கு வந்துவிட்டேன்.

மாலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். "அம்மா, என்ன சாப்பிட்டீங்க?" உண்மையைச் சொன்னால் அவள் பயந்து சாவாள். இவரே எதையாவது சொல்லித் திணறட்டும் என்று போனை அவர் கையில் திணித்தேன்.

"காயும் காளானும்தாம்மா. உங்கம்மா வேண்டுதல் எனக்குத் தெரியாதா?"

குரல் கொஞ்சமும் பிசகவில்லை. பெற்ற மகளின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். இதே குரலில், இதே சிரிப்போடு, முப்பது வருஷமாக என்னிடம் என்னென்ன சொல்லியிருக்கிறார் என்று அன்றைக்கு யோசிக்கத் தொடங்கினேன். இன்னும் யோசித்து முடியவில்லை.